தேர்தலுக்கு வீடு வந்த துப்பாக்கி

டெல்லியில் ஆட்சி கவிழ்ந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் விக்கிரமங்கலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொண்ணூற்றொன்பதில் ஒரே ஓட்டில் அரசாங்கம் விழுந்த அன்று டீக்கடை பெஞ்சில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, ரேடியோவைத் திருகிச் சத்தம் கூட்டி, செய்தியைக் கடைசி வரைக்கும் கேட்டேன். யார் வந்தால் எனக்கென்ன, யார் போனால் எனக்கென்ன. தேர்தல் வந்தால் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவார். நான் பார்த்த அரசியல் அவ்வளவுதான்.

அவர் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளிக்குக் கன்மேனாக, அதாவது துப்பாக்கியோடு கூடவே போகிற காவல் ஆளாக இருந்தார். துப்பாக்கி இவருடையது, லைசென்ஸும் இவர் பெயரில். தேர்தல் என்று அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அவரவர் ஊர் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி, எல்லாம் அடங்கிய பிறகுதான் கையில் கிடைக்கும். துப்பாக்கி இல்லாத கன்மேனை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? ஊருக்குப் போய் இருந்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். மற்றபடி பொங்கலுக்கு இரண்டு நாள், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு நாள். தேர்தல் ஒன்றுதான் எனக்கு அவரை மாதக்கணக்கில் கொடுத்தது.

நான் மீன்சுருட்டியில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதே அவர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த முதல் வாரம் இரண்டு பேருக்கும் வெட்கம், கடைசி வாரம் இரண்டு பேருக்கும் கோபம், நடுவில்தான் ஏதோ குடும்பம் நடத்தினோம். மகள் பிறந்தபோது அவர் பனிமலையில் இருந்தார். அவள் பேசக் கற்றுக்கொண்டபோது வேறொரு மலையில் இருந்தார். லீவு முடிந்து அவர் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம், இன்னும் சில வருஷம்தான், அப்புறம் ஆள் நமக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு நினைப்பில்தான் என் இளம் வயசு போயிற்று.

தொண்ணூற்றைந்தில் ஒரேயடியாக வந்தார். பச்சைப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் மனுஷருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. காலையில் எழுந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். முந்திரிக் கொல்லைக்குப் போய் மரத்தை எண்ணிவிட்டு வருவார். என்னிடம் பேச வந்தால், "சாப்ட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடும். இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்பதுபோல எனக்கு ஆத்திரமாக வந்தது.

கூட இருந்த பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியூரில் காவல் வேலைக்குப் போனார்கள். சொந்தத் துப்பாக்கி இருந்தால் நல்ல இடமாகக் கிடைக்கும் என்று யாரோ இவர் காதில் ஓதிவிட்டார்கள். பெரம்பலூர் அப்போதுதான் மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ் புதிதாக வந்திருந்தது. பஸ்ஸைப் பிடித்துப் போவதும் வருவதுமாக அலைந்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

"பட்டாளத்த வுட்டு வந்தது வூட்ல இருக்கத்தானே? மறுபடியும் எதுக்கு துப்பாக்கி?" என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"வூட்ல இருந்து என்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம்தான் எங்களுக்குள் இல்லை.

திருச்சியில் வாங்கி வந்த துப்பாக்கி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கு ஒரு நிறம் இருந்தது. சும்மா பார்த்தால் கறுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் நீலம். அவ்வளவு அழகான சாமானுக்கு உள்ளே மட்டும் முரடு. மேலே முன்னும் பின்னும் ஓடுகிற மூடியை இழுத்தால் பாதியில் திக்கும். விசையைத் தொட்டால் கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். கம்பெனியில் கடைந்ததை அப்படியே சேர்த்து அனுப்பிவிட்டார்கள், உள்ளே மெருகு போடவில்லை என்றார். அவசரத்துக்கு எடுக்கும்போது திக்கினால், இவரைச் சுட வந்தவன் காத்துக்கொண்டு நிற்பானா?

பட்டாளத்தில் ஆயுதம் வைக்கும் இடத்தில் சில வருஷம் வேலை பார்த்ததால் இவருக்கு அந்த மெருகு வேலை தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், விரல் இல்லை. விரல் இருந்தது, நுனியில் உணர்ச்சி இல்லை. பனியில் வெந்து போனது. சுடுவதற்கு விரல் மடங்கினால் போதும், தடவிப் பார்க்கத்தான் உணர்ச்சி வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகங்களைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு, கட்டிலில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"இந்தா புள்ள, இங்க வா. இதைத் தடவிப் பாரு."

எங்கள் பக்கத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் முந்திரி உடைக்கப் போகிறவர்கள். முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்டு விரல் நுனி வெந்து உரிந்திருக்கும். நான் தையல்காரி என்பதால் என் விரல் தப்பித்திருந்தது. அவர் கொடுத்த இரும்புத் துண்டு சுண்டு விரல் அளவுகூட இல்லை. தடவினேன்.

"இங்கன சொரசொரன்னு இருக்கு. இந்த ஓரத்துல ஒரு பிசிறு நிக்கிது."

"எங்க?"

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரலை எடுக்கவும் இல்லை. பகல் வெளிச்சத்தில், மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருக்க, அவர் விரலை நான் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது சூடேறிவிட்டது.

"துப்பாக்கிய நான் தொடலாமா? லைசென்ஸு உங்க பேருலல்ல இருக்கு?"

"கழட்டிப் போட்டா அது துப்பாக்கி இல்ல. இரும்பு. இரும்ப யாரும் தொடலாம்," என்றார்.

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் போனேன். தோட்டாக்கள் பச்சைப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். தட்டில் வெள்ளை வேட்டித் துணியை விரித்துத்தான் பாகங்களைப் பரப்புவார். துள்ளி ஓடுகிற ஸ்பிரிங்கைத் துணி பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, சிந்தியால் துடைக்க வேண்டும். துப்பாக்கி துடைக்கிற துணிக்குப் பட்டாளத்தில் சிந்தி என்று பெயராம். பிறகு ஐஸ் குச்சியில் தோல் துண்டு ஒட்டி, பித்தளைக்குப் போடுகிற பாலிஷைத் துளி தொட்டு, இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். எந்த இடம் என்று தேட வேண்டாம். உரசுகிற இடம் ஏற்கெனவே லேசாக மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உப்புத்தாள் கூடவே கூடாது. இரண்டு கொக்கிகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கிற ஒரு முனை உண்டு. அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார்.

"அது மழுங்கிச்சின்னா தானா வெடிக்கும். மத்ததெல்லாம் உன் இஷ்டம். அது மட்டும் எஞ் சொத்து."

உள்பக்கச் சுவரில் மெருகு போடுமுன் வெளியே முழுக்க டேப் சுற்றிவிடுவார். பாலிஷ் ஒரு துளிகூட வெளியே படக் கூடாது என்பார். மெருகு ஏறியதா என்று பார்க்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொஞ்சம் பஞ்சைப் பிரித்து, மேலே வைத்து இழுத்தால், சொரசொரப்பு இருக்கும் இடத்தில் ஓர் இழை மாட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து அவர் சிரித்தார். இந்த வித்தை எங்கள் ரெஜிமென்ட்டில் எவனுக்கும் தெரியாது என்றார். நான் அன்று முழுக்க அந்தச் சிரிப்பிலேயே இருந்தேன்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது இரும்பு இல்லை. கையில் வேலை இருந்தால் அவருக்கு வாய் வரும் என்பதை நான் கண்டுகொண்டதுதான். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசத் தெரியாத மனுஷர், தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னார். பனியில் புதைந்த நண்பனைத் தோண்டி எடுத்ததைச் சொன்னார். மகள் பிறந்த செய்தி வந்தபோது கூடாரத்தில் எல்லாருக்கும் சர்க்கரை டீ போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னார். அதைப் பத்து வருஷமாக மனசில் வைத்திருந்தாராம். பாவி மனுஷன், ஒரு தடவை லீவில் வந்தபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மூடி திக்காமல் ஓடியது. விசை வெண்ணெய் மாதிரி வந்தது. இவர் கோயம்புத்தூர் போய்ச் சுட்டுக் காட்டினார், முதலாளி சேர்த்துக்கொண்டார். நான் கையால் போட்ட மெருகு அவரைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாக, "போயிட்டு வரேன்" என்றார். சிமெண்டு லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதியில் நின்றுகொண்டு நான் தலையை ஆட்டினேன். பட்டாளத்துக்கு அனுப்பியபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை.

தொண்ணூற்றெட்டில் தேர்தல் வந்தது. மாசி வெயிலில் பையோடு வந்து நின்றார். எனக்கு அந்த ஒப்படைக்கிற சட்டமே அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்து, அந்த ஒன்றரை மாதமும் பழையபடி முற்றத்தைச் சுற்றினார். கையில் சாமான் இல்லையே, வாய் எப்படி வரும்? ஓட்டு எண்ணிய பிறகு துப்பாக்கி வந்தது. துணிப்பையில் சுருட்டி வைத்ததில் ஈரம் கோத்து, உள்ளே முழுக்கத் துருப்பொட்டு. அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க ஓடினேன். துருவை வரம் மாதிரி வாங்கிக்கொண்டவள் உலகத்தில் நான்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். மூன்றும் முடிந்ததும் போய்விட்டார்.

அடுத்த வருஷமே ஆட்சி கவிழ்ந்ததைத்தான் முதலில் சொன்னேன். புரட்டாசி முழுக்க வீட்டில் இருந்தார். ஐப்பசி பிறக்கிற சமயத்தில் துப்பாக்கி திரும்ப வந்தது. ஆயுத பூஜையும் வந்தது. அவர் பாகங்களைத் தட்டில் பரப்பி, வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டு, பொரிகடலையும் பூசணிக்காயும் வாங்கக் கீழப்பழுவூர் போனார். நான் கத்தரிக்கோல், அரிவாள்மணை, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மிஷினுக்குச் சந்தனம் வைத்தாயிற்று. இவருக்குச் சோறு போடுகிற சாமான் மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கிறதே என்று தோன்றியது. பாலிஷ் படக் கூடாது என்றுதானே சொன்னார், புளி படக் கூடாது என்று சொல்லவில்லையே.

மேல் மூடியை எடுத்து, குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரி மனசாரத் தேய்த்தேன். கறுப்பு கரைந்து கரைந்து வந்தது. அழுக்கு போகிறது என்று இன்னும் கொஞ்சம் புளி போட்டேன். ஒரு பக்கம் முழுக்க வெள்ளிக் கெண்டை மாதிரி பளிச்சிட்டது. அதில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, செம்பருத்திப் பூ ஒன்றையும் சாத்தி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

வந்தவர் பூசணிக்காயைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றார்.

"என்னா புள்ள இது?"

"பளபளன்னு இருக்குல்ல? நீங்க இத்தன வருஷமா வெளிப்பக்கம் ஒழுங்கா துடைக்கவே இல்லீங்க."

அவர் பூசணிக்காயோடு உட்கார்ந்துவிட்டார். அது அழுக்கில்லை, துரு ஏறாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஏற்றுகிற நீலம், புளிப்பு பட்டால் போயே போய்விடும் என்று மெதுவாக, ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு உயிரே இல்லை. மனுஷர் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"துப்பாக்கிக்கு மொட்டை அடிச்சி சந்தனம் தடவிட்டியே. காது குத்துறது ஒண்ணுதான் பாக்கி."

அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர வர, மடியில் பூசணிக்காய் உருள உருளச் சிரித்தார். நான் முதலில் கோபப்பட்டு, பிறகு நானும் சிரித்து, மகள் ஓடி வந்து என்ன என்னவென்று கேட்டு அவளும் சிரித்தாள். என் வாழ்க்கையில் எந்த நாளைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த ஆயுத பூஜையைக் கேட்பேன். திருச்சியில் கொடுத்தால் திரும்ப நீலம் ஏற்றித் தருவார்கள் என்றார், ஆனால் கொடுக்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டு ஏன் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது என்று கேட்டதற்கு, "வூட்ல சாமி கும்புட்டாங்க சார்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். உள்ளே மெருகு, வெளியே எண்ணெய்த் துணி.

இரண்டாயிரத்தொன்றில் அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள். லைசென்ஸ் காகிதத்தோடு அரியலூர் போனார். மறு வருஷமே இல்லை இல்லை, பழையபடி பெரம்பலூர்தான் என்றார்கள். திரும்பப் பெரம்பலூர் போனார். "நான் ஒரே எடத்துலதான் புள்ள நிக்கிறேன், ஊருதான் நவுந்துக்கிட்டே இருக்குது," என்றார். நீங்கள் எங்கே ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது.

தேர்தல் தேர்தலாக என் வயசு போயிற்று. மகள்கூட என்னைக் கேலி செய்வாள். "அம்மாவுக்கு எலெக்‌ஷன் ஜுரம் வந்துருச்சு" என்பாள், நான் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடும்போதெல்லாம். இடையில் கிடக்கிற மாதங்களைப் பற்றி அவளிடம் என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்காது. மிஷினைக் கழற்றி, ஷட்டில், பாபின் கூடு எல்லாம் துடைப்பேன். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் எனக்கு மற்றவர்களுக்கு வருகிற மாதிரி தலைவலி வராது. நெஞ்சை அடைக்கும்.

ஒழுங்காக மெருகு போடாமல் விட்டுவிட்டால் போக மாட்டாரே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பல தடவை தோன்றியது. நான் சரியாகிவிட்டது என்று சொன்னால்தான் அவர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவார். பட்டாளமே தணிக்கை செய்தாலும் என் விரல் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை. ஆனால் எங்காவது ஒரு இருட்டுச் சந்தில் அது திக்கி, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கை தானாக இன்னும் அழுத்தித் தேய்க்கும். அவர் உயிரோடு இருக்க வேண்டுமானால் நன்றாகத் தேய்க்க வேண்டும், நன்றாகத் தேய்த்தால் போய்விடுவார். இந்தக் கணக்கில்தான் நான் சிக்கிக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாயிரத்து நாலில் கேட்டே விட்டேன். பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கயே இருந்துடுங்களேன்."

கை நின்றது. தட்டைப் பார்த்துக்கொண்டே, "மவ படிக்கிறாள்ல," என்றார்.

"படிச்சி முடிச்சிட்டா?"

அவர் அடுத்த பாகத்தை எடுத்துப் பூட்டினார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பது?

அடுத்த தேர்தல் இரண்டாயிரத்தாறு சித்திரையில். மகள் நர்சிங் முடித்து திருச்சியில் வேலைக்குப் போயிருந்தாள். முதல் மாதமே அப்பாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவருக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது, படியேறினால் மூச்சு வாங்கியது. ஓட்டு எண்ணி முடிந்து வைகாசியில் துப்பாக்கி வந்தது. இந்தத் தடவை ஒப்படைக்குமுன் நான்தான் எண்ணெய் போட்டு, மெழுகுத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்திருந்தேன். துரு பேருக்குத்தான் இருந்தது. ஒரே காலையில் வேலை முடிந்துவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல்.

கடைசிப் பாகத்தைத் துடைத்து நீட்டினேன். வாங்கியவர் பூட்டவில்லை. கட்டை விரலால் தடவினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பத்து வருஷத்தில் என் விரலை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

"பஞ்ச வச்சி இழுத்துப் பாருங்க. ஒரு இழை மாட்டுச்சின்னா எம் பேர மாத்தி வைங்க."

அவர் பஞ்சைப் பிரித்தார். பாகத்தின் மேல் வைத்து, மெல்ல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தார். அது எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

"மாட்டுற மாதிரிதான் இருக்குது," என்றார்.

ஆயுத விஷயத்தில் பொய்யே சொல்லாத மனுஷர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதோரம் சிவந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பஞ்சை வாங்கி நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"ஆமாங்க. இருக்கு," என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை பாப்போம்," என்று துணியால் மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிறும் சொரசொரப்பு இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த இரும்பை நான் தேய்ப்பேன், அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவார், மத்தியானம் ஆனதும் இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மூடி வைப்போம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று எனக்குப் பயம். கோயம்புத்தூரிலிருந்து போன் வராமல் இருக்க வேண்டுமே என்று போகிற வருகிற கோயிலிலெல்லாம் கும்பிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. தட்டு விரித்திருந்தது. அவர் செல்போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பட்டாளத்துக்காரர் அல்லவா, மேலதிகாரியிடம் உட்கார்ந்து பேச மாட்டார். நிமிர்ந்து நின்றார்.

"ஆமாங்க சார், வந்துருச்சுங்க சார்... இல்லீங்க சார், உள்ள இன்னும் சரியாவல. வூட்டுலதான் பாத்துக்கிட்டு இருக்கா. அவ வெரலு சரின்னு சொன்னாத்தான் சார் பூட்ட முடியும்... எப்பன்னு சொல்ல முடியாதுங்க சார்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலிருந்து பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க சார். அப்படியே செஞ்சுக்குங்க சார். ரொம்ப நன்றிங்க சார்."

வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னா சொன்னாரு?"

"வேற ஆளு பாத்துக்கறாராம்."

"அப்ப நீங்க?"

"அப்ப என்னா? சொரசொரப்பு இருக்குல்ல, தேயி."

தேய்த்தேன். கண் மறைத்தது, எதைத் தேய்க்கிறேன் என்றே தெரியவில்லை. கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது.

"ஏ புள்ள, உப்புத்தண்ணி அது. துரு புடிச்சிரும்," என்று சொல்லி, சிந்தியை எடுத்து முதலில் இரும்பைத் துடைத்தார். அப்புறம்தான் என் முகத்தை.

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. மறு வருஷம் ஆடியில் மூச்சு அடங்குகிற வரைக்கும் என் எதிரில் இருந்தார்.